வலையமைப்பின் எல்லை வலயம்: வரலாறும் அமைப்பும்

ஒரு நிறுவனத்தின் கணினி வலையமைப்பும் பொது இணையமும் சந்திக்கும் இடத்தில், இரண்டுக்கும் நடுவே தனியாக ஒதுக்கப்படும் சிறிய வலையமைப்பு எல்லை வலயம் எனப்படும். நிறுவனத்தின் இணையத்தளம், வெளியிலிருந்து வரும் மின்னஞ்சலை வாங்கும் கணினி, முகவரி சொல்லும் பெயர் வழங்கி என வெளியார் தொட்டே தீர வேண்டியவை இதில் வைக்கப்படுகின்றன. கணக்கு வழக்குகளும் பணியாளர் விவரங்களும் வாடிக்கையாளர் பதிவுகளும் இதற்குப் பின்னால், உள் வலையமைப்பில் இருக்கும். வெளியிலிருந்து வருபவர் எல்லை வலயம் வரை வரலாம். அதற்கு மேல் நேராக உள்ளே செல்ல அவருக்கு வழி கிடையாது. கணினித் துறையினர் இதை டி.எம்.இசட். என்று சுருக்கமாக அழைப்பர்.

பழைய தமிழ் வீட்டின் திண்ணையை அறிந்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதாகத் தோன்றாது. வழிப்போக்கர் திண்ணையில் அமரலாம், தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம், இரவு படுத்து உறங்கியும் போகலாம். வந்தவர் நல்லவரா கெட்டவரா என்று வீட்டார் துருவி விசாரிப்பதில்லை. கெட்டவராகவே இருந்தாலும் நிலைக்கதவு சாத்தியிருக்கும்; நெல்லும் நகையும் அவர் கைக்கு எட்டாது. திண்ணையில் யாரும் பெட்டகத்தை வைப்பதும் இல்லை. வீடு கட்டும்போதே இந்த எச்சரிக்கை அதன் அமைப்பில் சேர்ந்துவிடுகிறது.

இணையம் கட்டப்பட்டபோது அதில் திண்ணை இல்லை. சொல்லப்போனால் கதவே இல்லை.

நம்பிக்கையின் காலம்

இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் முதல் செய்தி 1969 அக்டோபர் 29 அன்று கலிபோர்னியாவில் இரு ஆய்வு நிறுவனங்களுக்கிடையே அனுப்பப்பட்டது. 1983 ஜனவரி 1 அன்று அந்த வலையமைப்பு டி.சி.பி./ஐ.பி. நெறிமுறைக்கு மாறியது. அதே ஆண்டில் இராணுவத்தின் அன்றாடப் பணிக்கான கணினிகள் மில்நெட் என்ற தனி வலையமைப்பாகப் பிரிக்கப்பட்டன. மீதமிருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தாரும் ஆய்வாளர்களும்தாம். ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறிந்த சமூகம் அது.

அந்தப் பழக்கம் மென்பொருளிலும் படிந்திருந்தது. பெர்க்லி யூனிக்ஸ் கணினிகளில் ஒரு பட்டியல் கோப்பு இருக்கும். அதில் பெயர் எழுதப்பட்ட கணினியிலிருந்து ஒருவர் வந்தால் கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விட்டுவிடலாம். ஒரு கணினி பிடிபட்டால் அதை நம்பும் அடுத்த கணினியும், அதை நம்பும் மூன்றாவது கணினியும் சங்கிலியாக விழும் என்பது அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

1986-இல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் ஒரு கணக்குப் பிழை வந்தது. கணினியைப் பயன்படுத்திய நேரத்துக்கான கட்டணத்தில் 75 சென்ட் இடித்தது. அதைச் சரிபார்க்கும்படி கிளிஃபோர்ட் ஸ்டோல் என்ற வானியலாளரிடம் சொன்னார்கள். பணம் கட்டாமல் யாரோ சில விநாடிகள் கணினியைப் பயன்படுத்தியிருப்பதை அவர் கண்டுபிடித்தார். அந்த ஆளைத் துரத்திப் பல மாதங்கள் செலவிட்டார். இறுதியில் மேற்கு ஜெர்மனியின் ஹானோவர் நகரில் இருந்த மார்கஸ் ஹெஸ் என்பவரிடம் தடம் சென்று முடிந்தது. அவர் பெர்க்லி ஆய்வகத்தை ஒரு நடைபாதையாக மட்டுமே பயன்படுத்தி, அங்கிருந்து மில்நெட்டின் இராணுவக் கணினிகளைத் தட்டிப் பார்த்திருக்கிறார். கிடைத்த தகவல்கள் சோவியத் உளவு நிறுவனமான கே.ஜி.பி.க்கு விற்கப்பட்டன. ஆய்வகத்தில் திருட அவருக்கு ஒன்றும் இல்லை. அந்த வீட்டின் வழியாக அடுத்த வீட்டுக்குப் போக முடிந்தது, அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

1988 நவம்பர் 2

கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயின்ற ராபர்ட் டப்பன் மோரிஸ் என்ற மாணவர் தாமே பரவும் ஒரு நிரலை எழுதி, 1988 நவம்பர் 2 அன்று மாலை இணையத்தில் விட்டார். தாம் இருந்த இடம் தெரியக்கூடாது என்று அதை எம்.ஐ.டி. கணினி ஒன்றிலிருந்து விட்டார். மோரிஸ் புழு என்று வரலாற்றில் பெயர் பெற்ற இந்த நிரல் பல வழிகளில் கணினிக்குள் நுழைந்தது. மின்னஞ்சலைக் கையாளும் சென்ட்மெயில் என்ற மென்பொருளில் பிழை திருத்துவோருக்காக விடப்பட்டிருந்த ஒரு வசதி முதல் வழி. ஒரு பயனரைப் பற்றிய விவரம் சொல்லும் ஃபிங்கர் சேவையில் இருந்த குறை இரண்டாவது. எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொற்களும், மேலே சொன்ன 'நம்பிக்கைப் பட்டியல்' வழக்கமும் மீதி வேலையைச் செய்தன.

ஒரே கணினியில் புழு மீண்டும் மீண்டும் குடியேறியதால் கணினிகள் மூச்சுத் திணறி நின்றன. அன்று இணையத்தில் இருந்தவை சுமார் 60,000 கணினிகள்; அவற்றுள் 6,000 பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டது. இது தோராயக் கணக்குதான். அமெரிக்கக் கணினி மோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1990-இல் மோரிஸ் தண்டிக்கப்பட்டார்: மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூகப் பணி, 10,050 டாலர் அபராதம். அவருடைய தந்தை அப்போது அமெரிக்க அரசின் தேசியப் பாதுகாப்பு முகமையில் கணினிப் பாதுகாப்புத் துறையின் தலைமை அறிவியலாளராக இருந்தார் என்பது பலரும் வியந்து சொல்லும் செய்தி.

புழு எந்தத் தகவலையும் திருடவில்லை, எந்தக் கோப்பையும் அழிக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வியை விட்டுச் சென்றது. ஆயிரக்கணக்கான கணினிகள் உள்ள ஒரு நிறுவனம் அவற்றை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருக்க முடியுமா? முடியாது என்றால், பூட்டை எங்கே போடுவது?

பெல் ஆய்வகத்தின் இரட்டைக் கணினி

இதற்குத் தெளிவான விடை ஒன்று ஏ.டி.&டி. நிறுவனத்தின் பெல் ஆய்வகத்திலிருந்து வந்தது. அங்கே பணியாற்றிய பில் செஸ்விக், பாதுகாப்பான இணைய நுழைவாயில் ஒன்றை அமைத்த விதத்தைப் பற்றி 1990-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். எல்லை வலயத்தின் வரலாற்றில் இக்கட்டுரைக்குத் தனி இடம் உண்டு.

அதுவரை வழக்கமாக இருந்த நுழைவாயில் ஒரே கணினி. அதன் ஒரு கால் இணையத்தில், மறு கால் உள் வலையமைப்பில். அந்தக் கணினியைப் பிடித்தவருக்கு நிறுவனம் முழுவதும் திறந்துவிடும். செஸ்விக் அதை இரண்டாகப் பிரித்தார். ஒரு கணினி வெளியே நின்று இணையத்தாரோடு பேசும். இன்னொன்று உள்ளே நிற்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு தனி இணைப்பு மட்டும் இருக்கும். உள்ளே இருப்பது வெளியே இருப்பதை நம்பக்கூடாது என்பதுதான் இதில் முக்கியமான விதி. வெளிக் கணினி நிறுவனத்தின் சொந்தக் கணினிதான், நிறுவனத்தின் ஊழியர்களே அதைப் பராமரிக்கிறார்கள். ஆயினும் அது ஒருநாள் பகைவர் கைக்குப் போகும் என்று வைத்துக்கொண்டே உள்ளிருக்கும் கணினி அமைக்கப்பட்டது.

எல்லை வலயம் பற்றிப் படிக்கும் மாணவர்கள் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். மதில் கட்டுவது பகைவர் வராமலிருக்க என்று எல்லாரும் சொல்லிவிடுவர். எல்லை வலயமோ, பகைவர் முதல் படியை ஏறிவிட்டார் என்பதை ஒப்புக்கொண்ட பிறகு தொடங்கும் கணக்கு. வெளிக் கணினி விழுமா என்று அது கேட்பதில்லை. விழுந்தபின் அங்கிருந்து எதைத் தொட முடியும் என்று கேட்கிறது.

செஸ்விக் தம் அமைப்பைப் பெருமையாக மட்டும் பேசவில்லை. வெளியே மொறுமொறுப்பான ஓடு, உள்ளே மெத்தென்ற நடுப்பகுதி என்று அதை ஒரு தின்பண்டத்துக்கு ஒப்பிட்டார். நம் ஊரில் சுழியம் என்று சொல்லலாம். மேல்மாவைக் கடித்துவிட்டால் பூரணம் தானே வரும். உள்ளே இருந்த ஏராளமான கணினிகள் பாதுகாப்பற்றவைதாம் என்பதை அவர் அறிந்தே எழுதினார். பின்னால் வந்த பலர் ஓட்டை எடுத்துக்கொண்டார்கள், அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள். அதன் விளைவைப் பின்னர் காணலாம்.

வெளிக் கணினி விழலாம் என்ற எதிர்பார்ப்பு வீணாகவில்லை. 1991 ஜனவரி 7 அன்று ஒருவர், மோரிஸ் புழு பயன்படுத்திய அதே சென்ட்மெயில் ஓட்டை அந்த நுழைவாயிலில் இருப்பதாக நினைத்து, கடவுச்சொல் கோப்பைக் கேட்டார். செஸ்விக் போலியான கோப்பு ஒன்றை அனுப்பி வைத்தார். பிறகு அந்த ஆளுக்காகவே ஒரு போலிச் சூழலை உருவாக்கி, மாதக்கணக்கில் அவர் தட்டிய ஒவ்வொரு கட்டளையையும் பதிவு செய்தார். அவர் நெதர்லாந்தில் இருந்து வந்தவர். அன்று அந்நாட்டில் இதைத் தடுக்கச் சட்டம் இருக்கவில்லை. திண்ணையில் வந்து அமர்ந்தவரைக் கண்காணிக்கும் வசதி எல்லை வலயத்தின் துணைப்பயன் என்பதற்கு இது பழைய சான்று.

கொத்தளக் கணினி

இதே காலத்தில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்திலும் இணையான வேலை நடந்தது. பாக்கெட் எனப்படும் தரவுப் பொதி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எந்தச் சேவையைக் கேட்கிறது என்ற மூன்றையும் பார்த்து அதை விடுவதா தடுப்பதா என்று முடிவு செய்யும் மென்பொருளை ஜெஃப் மோகுல் 1989-இல் விவரித்தார். அந்நிறுவனத்தின் நுழைவாயில் பணிகளில் பிரயன் ரீட், பால் விக்சி ஆகியோரும் ஈடுபட்டிருந்தனர். மார்கஸ் ரனம் இவற்றை ஒரு விற்பனைப் பொருளாக்கினார். 1991 ஜூனில் அது முதல் வாடிக்கையாளரான வேதிப்பொருள் நிறுவனம் ஒன்றுக்குச் சென்றது. பின்னர் சீல் என்ற பெயர் பெற்ற இந்தத் தொகுப்பே விலைக்கு வந்த முதல் தீயரண் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. அதில் மூன்று உறுப்புகள் இருந்தன: பொதிகளை வடிகட்டும் ஒரு வாயில், வெளியாரோடு பேசும் ஒரு வாயிற்காவலர், உள்ளே அஞ்சலைப் பிரித்துத் தரும் ஒரு கணினி.

வெளியே தலைகாட்டி நிற்கும் கணினிக்கு ஆங்கிலத்தில் 'பாஸ்டியன்' என்ற கோட்டைச் சொல் வந்து சேர்ந்தது. தமிழில் அதற்குப் பொருத்தமான சொல் கொத்தளம். மதிலிலிருந்து வெளியே நீட்டிக் கட்டப்படும் கொத்தளம் முதல் அடியைத் தாங்கும், அதனால் தனிப் பலத்தோடு கட்டப்படும். கொத்தளக் கணினியும் அவ்வாறே. அதில் தேவையற்ற சேவை எதுவும் ஓடக்கூடாது. பயனர் கணக்குகள் மிகக் குறைவாக இருக்க வேண்டும். நிரல் எழுதும் கருவிகள்கூட அதில் இருக்கக் கூடாது என்று அக்கால நூல்கள் சொல்லின.

ரனம் பின்னர் டிரஸ்டட் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் நிறுவனத்துக்குச் சென்றார். அமெரிக்க அதிபர் மாளிகைக்கு மின்னஞ்சல் வசதி அமைக்கும் பணியும் அங்கு நடந்தது. அந்நிறுவனம் 1993 அக்டோபரில் தன் தீயரண் கருவித் தொகுப்பை மூலநிரலோடு வெளியிட்டது. பணம் கொடுத்து வாங்க முடியாத கல்லூரிகளும் சிறு நிறுவனங்களும் இதைக் கொண்டே தம் முதல் எல்லையை அமைத்தன. 1994-இல் செஸ்விக்கும் ஸ்டீவன் பெலோவினும் எழுதிய தீயரண் நூலும், 1995-இல் பிரெண்ட் சாப்மனும் எலிசபெத் ஸ்விக்கியும் எழுதிய நூலும் வந்தபின் இது சிலருக்கு மட்டும் தெரிந்த கலையாக இல்லாமல் பாடமாகிவிட்டது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவை தொடங்கியதும் அந்த 1995-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்றுதான்.

பெயர் வந்த வழி

டி.எம்.இசட். என்பதன் நேர்ப்பொருள் இராணுவமற்ற வலயம். 1953 ஜூலை 27 அன்று கையெழுத்தான கொரியப் போர்நிறுத்த உடன்பாட்டின்படி இரு படைகளும் தத்தம் பக்கம் 2 கிலோமீட்டர் பின்வாங்கின. நடுவே 4 கிலோமீட்டர் அகலமும் ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நீளமும் உள்ள நிலம் யாருடைய படைக்கும் உரியதாக இல்லாமல் விடப்பட்டது. இரு மதில்களுக்கு நடுவில் யாரையும் முழுதாக நம்பாத ஒரு நிலம் என்ற அளவில்தான் ஒப்புமை பொருந்துகிறது. கொரிய எல்லையில் பொதுமக்கள் அனுமதியின்றிக் கால் வைக்க முடியாது. கணினி எல்லை வலயமோ பொதுமக்கள் வருவதற்கென்றே உள்ளது. பெயர் நிலைத்துவிட்டது, மாற்ற இயலாது. ஆனால் தமிழில் விளக்கும்போது இராணுவத்தைத் துணைக்கு அழைக்க வேண்டிய தேவை இல்லை.

அமைப்பு எவ்வாறு இயங்குகிறது

எடுத்துக்காட்டாக, பொதுத் தேர்வு முடிவுகளை வெளியிடும் ஒரு தேர்வுத் துறையை எண்ணிப் பார்க்கலாம். முடிவு வெளியாகும் காலையில் இலட்சக்கணக்கான மாணவர்கள் பதிவெண்ணைத் தட்டுவார்கள். எனவே இணையத்தள வழங்கியை உலகமே தொடும். மதிப்பெண் தரவுத்தளத்தையோ வெளியார் யாரும் தொடக்கூடாது. அதில் ஓர் எண் மாறினால் ஒரு பிள்ளையின் கல்லூரி இடம் மாறிவிடும்.

பழைய நூல்கள் கூறும் முறையில் இங்கே இரண்டு ரூட்டர்கள், அதாவது திசைவிகள், வைக்கப்படும். வெளித் திசைவி இணையத்துக்கும் எல்லை வலயத்துக்கும் நடுவில் நிற்கும். உள் திசைவி எல்லை வலயத்துக்கும் உள் வலையமைப்புக்கும் நடுவில் நிற்கும். இணையத்தள வழங்கி நடுவில், தரவுத்தளம் உள்ளே. பிற்காலத்தில் மூன்று இணைப்புகள் கொண்ட ஒரே தீயரண் இரு திசைவிகளின் வேலையையும் செய்யத் தொடங்கியது. செலவு குறைந்தது, ஆனால் அந்த ஒன்றில் தவறு நேர்ந்தால் இரு கதவுகளும் ஒன்றாகத் திறந்துவிடும்.

விதிகள் எழுதும்போது முதலில் எல்லாவற்றையும் மூடிவிட வேண்டும். பின்னர் தேவையானதை மட்டும் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். இணையத்திலிருந்து இணையத்தள வழங்கிக்கு, போர்ட் எனப்படும் துறை எண்களில் 443 மட்டும் திறக்கப்படும். அந்த வழங்கியிலிருந்து தரவுத்தளத்துக்கு ஒரே ஒரு துறை எண் திறக்கப்படும். அதிலும் பதிவெண் தந்து மதிப்பெண் படிக்கலாமே தவிர எழுத முடியாது. தரவுத்தளத்திலிருந்து இணையத்துக்கு எதுவும் கிடையாது. இதோடு பலர் மறந்துவிடும் விதி ஒன்றும் உண்டு: இணையத்தள வழங்கி தானாக இணையத்துக்குச் சென்று எதையும் கொண்டுவரத் தேவையில்லை, எனவே அதையும் மூட வேண்டும். வழங்கியைப் பிடித்தவர் அடுத்துச் செய்வது தம் கருவிகளை வெளியிலிருந்து இறக்குவதுதான். அந்த வழி இல்லையென்றால் அவருக்குப் பாதி வேலை நின்றுவிடும்.

வெளியிலிருந்து வரும் பொதி ஒன்று, தான் உள் வலையமைப்பிலிருந்து வருவதாகத் தன் முகவரியில் சொன்னால் அதையும் வாசலிலேயே தடுக்க வேண்டும். முகவரியைப் பொய்யாக எழுதி இணைப்பை ஏமாற்றும் முறையை 1985-இல் ஓர் அறிக்கையில் விளக்கியவர், மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு புழுவை விட்ட அதே ராபர்ட் மோரிஸ். 1989-இல் பெலோவின் இதை விரிவாக எழுதி எச்சரித்தார். 1994 கிறிஸ்துமஸ் நாளில் சுடோமு ஷிமோமுரா என்ற ஆய்வாளரின் கணினிகள் இதே முறையில் தாக்கப்பட்டன. எழுதி வைத்த எச்சரிக்கை நடைமுறைக்கு வர எவ்வளவு காலம் ஆகிறது என்பதற்கு இந்த ஒன்பது ஆண்டுகள் ஓர் அளவுகோல்.

பொதிகளைத் தனித்தனியே பார்க்கும் வடிகட்டிக்கு ஒரு குறை இருந்தது. அதற்கு நினைவாற்றல் இல்லை. கோப்பு மாற்றத்துக்கான எஃப்.டி.பி. முறையில், உள்ளிருப்பவர் கோப்பைக் கேட்டதும் வெளி வழங்கி திரும்பித் தானே ஓர் இணைப்பைத் தொடங்கும். அதை அனுமதிக்க வேண்டுமானால் ஏராளமான துறை எண்களைத் திறந்துவைக்க வேண்டியிருந்தது. இஸ்ரேலில் 1993-இல் தொடங்கப்பட்ட செக் பாயின்ட் நிறுவனம், யார் யாரிடம் என்ன கேட்டார் என்பதை நினைவில் வைத்து, கேட்டதற்கான பதிலை மட்டும் உள்ளே விடும் தீயரணை 1994 முதல் விற்றது. சில ஆண்டுகளிலேயே இம்முறை பொது வழக்காகிவிட்டது.

பக்கவாசல்

2000-க்குப் பிறகு எல்லை வலயம் இல்லாத பெரிய நிறுவனம் அரிது. அப்போதுதான் பழைய சுழியத்தின் பூரணம் வெளிப்பட்டது.

2003 ஜனவரி 25 அன்று பரவிய ஸ்லாமர் புழுவின் நீளம் 376 பைட் மட்டுமே. இந்தப் பத்தியின் அளவுகூட இல்லாத ஒரு நிரல் சுமார் பத்து நிமிடங்களில் உலகெங்கும் குறை உள்ள கணினிகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் சென்றடைந்தது. குறைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஆறு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் டேவிஸ்-பெஸ் அணுமின் நிலையத்துக்கு முறையான தீயரண் இருந்தது. புழு நுழைந்த துறை எண்ணை அது தடுத்தும் வந்தது. ஆனால் ஒப்பந்ததாரர் ஒருவரின் அலுவலகத்திலிருந்து நிறுவனத்தின் உள் வலையமைப்புக்குத் தனி இணைப்பு ஒன்று தீயரணைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தது. புழு அந்த வழியாக வந்தது. நிலையத்தின் பாதுகாப்பு அளவைகளைக் காட்டும் திரை ஏறத்தாழ ஐந்து மணி நேரம் செயலிழந்தது. பராமரிப்புக்காக அணு உலை ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்ததும், பழைய ஊசிமுள் அளவைகள் இயங்கியதும் நல்வாய்ப்பு.

வாசலில் காவல் பலமாக இருக்க, கொல்லைப்புறத்தில் பால்காரருக்காகத் திறந்துவைத்த படலை வழி நுழைந்தது போன்றது இது. வலையமைப்பு வரைபடத்தில் அந்த இணைப்பு இருந்திருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள்.

2017-இல் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்தில் நடந்தது இதைவிடப் பாடமானது. மக்களின் கடன் வரலாற்றைத் திரட்டி விற்கும் அமெரிக்க நிறுவனம் அது. தம் கடன் பதிவில் பிழை இருந்தால் மக்கள் முறையிடுவதற்காக ஒரு பொது இணையத்தளம் வைத்திருந்தது. அத்தளம் பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளில் உள்ள கடுமையான குறையும் அதற்கான திருத்தமும் மார்ச் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டன. அங்கே திருத்தம் போடப்படவில்லை. மே 13 அன்று தாக்குவோர் நுழைந்தனர்.

இதுவரை நடந்தது எல்லை வலயம் எதிர்பார்த்த நிகழ்ச்சிதான்: வெளியே நிற்கும் கணினி விழுந்துவிட்டது. 1990-இன் கேள்வியை இங்கே கேட்டுப் பார்க்கலாம். அங்கிருந்து எதைத் தொட முடியும்? கிட்டத்தட்ட எல்லாவற்றையும். மறையாக்கம் செய்யாமல் சேமித்திருந்த பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் கிடைத்தன. தரவுத்தளங்களுக்கு நடுவே தடுப்பு இல்லாததால், முறையீட்டுத் தளத்தோடு தொடர்பே இல்லாத 48 தரவுத்தளங்களுக்குச் செல்ல முடிந்தது. சுமார் 9,000 முறை அவற்றிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கினார்கள். வெளியே செல்லும் தரவைப் பிரித்துப் பார்க்க ஒரு கருவி இருந்தது. அதன் சான்றிதழ் காலாவதியாகிப் பல மாதங்கள் ஆகியும் யாரும் புதுப்பிக்கவில்லை. ஜூலை 29 அன்று அதைப் புதுப்பித்த உடனே திருட்டு கண்ணில் பட்டது. சுமார் 76 நாள்கள் கடந்திருந்தன. சுமார் 14.7 கோடி மக்களின் பெயர், பிறந்த நாள், சமூகப் பாதுகாப்பு எண் ஆகியவை போயிருந்தன. கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம், பிறந்த நாளை மாற்றிக்கொள்ள முடியாது. அவர்களில் பெரும்பாலோர் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள்கூட அல்லர்.

கூடங்குளம், 2019

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி கூடங்குளம் அணுமின் நிலையத்தை முன்னிட்டு எழுந்தது. 2019 அக்டோபர் இறுதியில் நிலையக் கணினிகளில் தீநிரல் புகுந்ததாகச் செய்தி பரவியது. கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து நிற்பவை, வெளி வலையமைப்போடோ இணையத்தோடோ இணைக்கப்படாதவை, அவற்றின் மீது தாக்குதல் சாத்தியமில்லை என்று நிலையத்தின் தரப்பில் மறுப்பு வந்தது. மறுநாள், அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகம் தன் அமைப்பில் தீநிரல் கண்டறியப்பட்டது உண்மை என்று அறிவித்தது. தேசியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் செப்டம்பர் 4 அன்றே தகவல் தந்திருந்தது. பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்காக இணையத்தோடு இணைக்கப்பட்ட வலையமைப்பில் இருந்த ஒரு பயனரின் கணினி என்றும், அந்த வலையமைப்பு முக்கியமான உள் வலையமைப்பிலிருந்து பிரிக்கப்பட்டது என்றும் கழகம் கூறியது. ஆய்வாளர்கள் அந்தத் தீநிரலை டி-டிராக் என்று அடையாளம் கண்டனர்.

இரண்டு அறிக்கைகளையும் சேர்த்துப் படித்தால் ஒன்று புலப்படும். முதல் நாள் பேசியது உள்கதவைப் பற்றி. மக்கள் கேட்டதோ திண்ணையைப் பற்றி. உள்கதவு பூட்டியிருந்தது என்பதால் திண்ணையில் யாரும் வரவில்லை என்று ஆகிவிடாது. அதேபோல் திண்ணையில் ஒருவர் வந்ததால் உலைக்கே ஆபத்து என்றும் ஆகாது. பிரிவினை செய்த இடத்தில் பிரிவினை தன் வேலையைச் செய்தது என்பதே கழகத்தின் விளக்கத்தின் சாரம். இடிந்தகரைக் கடற்கரையில் ஆண்டுக்கணக்கில் போராடிய மக்களுக்கு, இந்த வேறுபாட்டை முதல் நாளே பொறுமையாகச் சொல்லியிருக்கலாம்.

ஒவ்வோர் அறைக்கும் கதவு

எல்லை ஒன்று போதாது என்ற எண்ணம் முன்பே தோன்றியிருந்தது. 2004-இல் பெருநிறுவனங்களின் பாதுகாப்பு அலுவலர்கள் சேர்ந்து ஜெரிகோ மன்றத்தை அமைத்தனர். எக்காளம் ஊதியதும் மதில் இடிந்து விழுந்ததாக விவிலியம் கூறும் நகரின் பெயர் அது. ஊழியர் வீட்டிலிருந்து வேலை செய்கிறார், கூட்டாளி நிறுவனம் உள்ளே வருகிறது, தரவு வேறு யாருடைய கணினியிலோ இருக்கிறது. அப்படியிருக்க 'உள்ளே' என்பது எது என்று அவர்கள் கேட்டனர். 2010-இல் ஃபாரஸ்டர் நிறுவனத்தின் ஜான் கிண்டர்வாக் 'சுழிய நம்பிக்கை' என்ற கருத்தை முன்வைத்தார். உள்ளே இருக்கிறார் என்பதற்காக எவரையும் நம்பாமல், ஒவ்வொரு வேண்டுகோளையும் தனித்தனியே சரிபார்ப்பது அதன் சாரம். கூகுள் நிறுவனம் இவ்வழியில் தன் வலையமைப்பை மாற்றியதை 2014-இல் விவரித்தது. 2020 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் இதற்கு ஓர் ஆவணம் வெளியிட்டது.

விற்பனையாளர்கள் இதை எல்லை வலயத்தின் மரணம் என்று விளம்பரப்படுத்துவதுண்டு. அது சரியன்று. சொந்தக் கணினியையும் நம்பாதே என்று செஸ்விக் வாசலில் வைத்த விதியைத்தான் இது வீட்டின் ஒவ்வோர் அறைக்கும் கொண்டு சென்றது. வெளியார் வரும் வரை வாசலும் இருக்கும்.

2023 மே மாத இறுதியில் அந்த வாசலில் நடந்த ஒன்று குறிப்பிடத்தக்கது. நிறுவனங்கள் பெரிய கோப்புகளைப் பாதுகாப்பாகப் பரிமாறிக்கொள்ள மூவ்-இட் என்ற மென்பொருளைப் பயன்படுத்தின. வெளியாரும் உள்ளாரும் தொட வேண்டியது என்பதால் அது எல்லையில்தான் நிற்கும். அதுவரை யாரும் அறியாத ஒரு குறை வழியாக கிளாப் என்ற கும்பல் நுழைந்து, உலகெங்கும் 2,000-க்கு மேற்பட்ட நிறுவனங்களின் கோப்புகளை அள்ளிச் சென்றது. பிரிட்டனில் சம்பளப் பட்டியல் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் வழியாக பி.பி.சி., பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஊழியர்களின் விவரங்களும், கனடாவின் நோவா ஸ்கோஷியா மாநில அரசு ஊழியர்களின் விவரங்களும் அதில் அடங்கும். இந்தக் கோப்புகளுக்காகத் தாக்கியவர்கள் உள் வலையமைப்புக்குள் போக வேண்டியிருக்கவில்லை. சம்பளப் பட்டியல்கள் அந்த வழங்கியிலேயே, திண்ணையில், இருந்தன.